உழவு இயந்திரமும் கறளும்

இங்கிலாந்தின் கொவென்றி நகருக்கு மேற்கே, பானர் லேன் என்னும் இடத்தில், இரண்டாம் உலகப் போரின்போது ஆகாய விமான எஞ்சின்களைச் செய்வதற்கென ஒரு பெருந்தொழிற்சாலை கட்டப்பட்டது. போர் ஓய்ந்ததும் அந்த எஞ்சின்களுக்குத் தேவை அற்றுப்போயிற்று. 1946ஆம் ஆண்டில் அதே கூரையின் கீழ் வேறொரு பொருள் உருவாகத் தொடங்கிற்று. அது உருவிற் சிறியது. முழுவதும் ஒரே சாம்பல் நிறம். அலங்காரம் என்று சொல்லத்தக்க கோடு ஒன்றேனும் அதன்மீது இல்லை. ஹரி பேர்கூசன் என்னும் அயர்லாந்துக்காரர் வகுத்த உழவு இயந்திரம் அது. 1956ஆம் ஆண்டு வரையுள்ள பத்தாண்டு காலத்தில் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட இயந்திரங்கள் அங்கிருந்து வெளிவந்தன. இலங்கை வயல்களில் நன்கு அறிமுகமான சிவப்பு நிற மாசி பேர்கூசன், இச்சாம்பல் நிற இயந்திரத்தின் வழித்தோன்றலே.

அந்த 5 இலட்சத்திற் பல இன்றும் அழியாமல் இருக்கின்றன. சில இன்னமும் உழுகின்றன. பல, பழைய பொருள்களைப் பேணுவோரின் கொட்டில்களிலே கிடந்து புத்துயிர் பெறுகின்றன. அவ்வாறு ஓர் இயந்திரத்தைப் பெற்றவர் அதனைச் சுற்றிவந்து பார்க்கும்போது முதலிற் காண்பது ஒன்று உண்டு. எஞ்சினின் உடல், பற்சில்லுப் பெட்டி, அச்சு ஆகிய வார்ப்பிரும்புப் பகுதிகள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். எஞ்சினை மூடும் பொனற், பின்சில்லுகளின் மேல் வளைந்து நிற்கும் மட்காட், பற்றரியைத் தாங்கும் தட்டு ஆகிய தகட்டு வேலைகளோ கறள் தின்று சல்லடையாகியிருக்கும். யாழ்ப்பாணத்தார் கறள் என்றும், பிறர் துரு என்றும் வழங்கும் இப்பகைக்கும் தகட்டுக்கும் நிகழ்ந்த போராட்டத்துக்குத் தனியே ஒரு வரலாறு உண்டு. வர்ணப் பேணியைத் திறக்குமுன் அறியவேண்டிய வரலாறு அது.

முதற்கால உழவு இயந்திரங்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் இருக்கவில்லை. காரணம் எளிது, அவற்றிலே தகடே அருமை. 1917இல் ஹென்றி போட் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கிய போட்சன் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். எஞ்சின், பற்சில்லுப் பெட்டி, பின்னச்சு ஆகிய மூன்றும் தடித்த வார்ப்பிரும்புப் பெட்டிகளாக ஒன்றோடொன்று திருகாணிகளால் இணைக்கப்பட்டு, தாமே இயந்திரத்தின் முதுகெலும்பாகவும் நின்றன. எரிபொருட் தாங்கியைத் தவிர மூடி என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய எதுவுமில்லை. விரல் தடிப்புள்ள வார்ப்பிரும்பின் மேலே கறள் ஏறினால் நிறம் மாறுமேயன்றி வலிமை குன்றுவதற்கு மனித ஆயுள் போதாது. மழையில் நனைந்தும் வெயிலிற் காய்ந்தும் வேலியோரத்திற் கிடந்த போட்சன்கள் அரை நூற்றாண்டின் பின்னரும் எடுத்து இயக்கப்பட்டமைக்கு இதுவே காரணம்.

தகடு உழவு இயந்திரத்தின் மேல் ஏறிய கதை உருக்காலையிலே தொடங்குகின்றது. முன்னெல்லாம் மெல்லிய உருக்குத் தகட்டைத் தொழிலாளர் குறடுகளாற் பிடித்து, உருளைகளுக்கிடையே ஒவ்வொன்றாகச் செலுத்தி, மடித்து, மீண்டும் செலுத்தி மெலிவித்தனர். உயிரைப் பிழியும் வேலை அது. அகலமான தகடும் அவ்வழியிற் கிடைப்பதில்லை. 1924இல் ஐக்கிய அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்து ஆஷ்லண்ட் நகரில், ஜோன் ரைற்றஸ் என்பவர் வகுத்த தொடர் உருளை ஆலை இயங்கத் தொடங்கியது. உருக்கு ஒரு புறம் கட்டியாக நுழைந்து மறுபுறம் அகன்ற தகடாக வெளிவந்தது. பிரித்தானியாவில் அத்தகைய ஆலை வேல்சு நாட்டின் எபு வேல் என்னும் இடத்தில் 1938இல் எழுந்தது. அகலமும் மென்மையும் உடைய தகடு மலிவாகக் கிடைத்ததும் மோட்டார் வண்டிகள் உருண்டு திரண்ட வடிவம் பெற்றன. உழவு இயந்திரங்களும் அதனைப் பார்த்து ஆசைப்பட்டன என்றே சொல்லவேண்டும்.

ஜோன் டியர் கம்பனி ஹென்றி டிறைபஸ் என்னும் புகழ்பெற்ற வடிவமைப்பாளரை அழைத்து, 1938இல் தன் இயந்திரங்களுக்கு அழகிய தகட்டுப் போர்வை அணிவித்தது. மறு ஆண்டு இன்டர்நாஷனல் ஹாவஸ்ரர் கம்பனி றேமண்ட் லோவியைக் கொண்டு தன் பார்மால் இயந்திரங்களுக்கு அதையே செய்தது. நிறங்களும் இக்காலத்திலேதான் விளக்கம் பெற்றன. அலிஸ் சாமேர்ஸ் கம்பனியின் அதிகாரியான ஹரி மெறிற் கலிபோர்னியா நிலப்பரப்பிலே செம்மஞ்சட் பூக்கள் விரிந்து கிடந்ததைக் கண்டு மயங்கித் தம் இயந்திரங்களுக்கு 1929இல் அந்நிறத்தையே தெரிந்தார் என்பர். 1939இல் ஹென்றி போட்டும் ஹரி பேர்கூசனும் கைகுலுக்கலை மட்டுமே ஒப்பந்தமாகக் கொண்டு வெளியிட்ட இயந்திரத்திலே ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. உருக்குத் தகட்டை அழுத்தி பொனற் செய்யும் அச்சுக்கள் உரிய காலத்தில் ஆயத்தமாகவில்லை. ஆதலால் முதற் சில நூறு இயந்திரங்கள் அலுமினியப் பொனற்றுடன் வெளிவந்தன. அவற்றுட் பிழைத்திருப்பவற்றின் பொனற்றிலே கறள் என்ற பேச்சுக்கே இடமில்லை. பேணுவோர் அவற்றைப் பொன்போலத் தேடுகின்றனர்.

மற்றவை யாவும் உருக்குத் தகடு. ஒரு மில்லிமீற்றரோ, அதனிலும் சிறிது கூடிய தடிப்போ உள்ள உருக்கு இரு புறத்திலிருந்தும் அரிக்கப்பட்டால் எவ்வளவு காலம் தாங்கும்? அது எங்ஙனம் அரிக்கப்படுகின்றது என்பதே பழைய தகட்டைத் திருத்துவோர் முதலில் விளங்கிக்கொள்ளவேண்டியது. இதனை விளக்கியவர் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்து யூலிக் எவன்ஸ். உலோகங்களின் அரிப்புப் பற்றிய அவரது நூல் 1924இல் வெளிவந்தது. அக்காலத்தை அடுத்து அவர் செய்து காட்டிய ஒரு சோதனை, எளிமையினாலேயே நினைவில் நிற்பது. மினுக்கிய இரும்புத் தகட்டின்மேல் ஒரு துளி உப்புநீர். அந்நீரிலே நிறங்காட்டும் மருந்துகள் இரண்டு கலக்கப்பட்டிருக்கும். சிறிது பொழுதில் துளியின் நடுப்பகுதி நீலமாகும், விளிம்பு இளஞ்சிவப்பாகும், இரண்டுக்கும் இடையே ஒரு வளையமாகக் கறள் படியும்.

இதன் பொருள் யாது? துளியின் விளிம்பிலே நீர் மெல்லியதாக இருத்தலால், காற்றிலுள்ள ஒட்சிசன் இரும்பை எளிதில் அடைகின்றது. நடுவிலே நீர் தடித்திருத்தலால் ஒட்சிசன் குறைவு. இவ்வேறுபாடே ஒரு சின்னஞ்சிறு பற்றரியை உண்டாக்குகின்றது. இரும்பு கரைவதோ ஒட்சிசன் மிகுந்த விளிம்பிலன்று. ஒட்சிசன் குறைந்த நடுவிலேயாம். காற்றுப்படும் இடமே கறள் பிடிக்கும் என்று பொதுவாக எண்ணுகின்றோம். காற்றும் ஈரமும் இன்றிக் கறள் இல்லை என்பது மெய்யே. ஆனால் ஈரம் தங்கிய இடத்திலே காற்று எங்கே புகமாட்டாதோ, அங்கேதான் தகடு துளைபடுகின்றது.

உழவு இயந்திரத்தைப் பார்த்தால் இவ்வுண்மை வரைபடம்போலத் தெரியும். மட்காட்டின் திறந்த வெளிப்புறம், வெயிலும் மழையும் மாறிமாறிப் பட்டும், மேலோட்டமாகவே பழுதுபட்டிருக்கும். அதன் கீழ்விளிம்பின் உட்புறத்திலோ சில்லு வாரியெறிந்த சேறு அப்பிக்கிடக்கும். அதன்கீழே ஈரம் மாதக்கணக்கில் உலராது. அங்கே தகடு முதலிற் கரையும். ஒரு தகட்டின்மேல் இன்னொரு தகட்டை வைத்துத் தறைந்த பொருத்துக்களும் அவ்வாறே. நீர் மயிரிழை இடைவெளியில் ஏறிக்கொள்கின்றது, வெளியேற வழியில்லை. உள்ளே உண்டாகும் கறள், தான் தின்ற இரும்பினும் பன்மடங்கு இடத்தை அடைப்பதால், இரு தகடுகளையும் ஆப்பு வைத்தாற்போலப் பிளந்து தள்ளும். பற்றரித் தட்டின் கதை வேறு. அங்கே சிந்துவது கந்தகவமிலம்; அதற்குப் பொறுமை கிடையாது.

எவன்ஸின் காலத்தவரான வேர்ணன் என்னும் ஆங்கில ஆய்வாளர் 1930களில் மற்றொன்றைக் காட்டினார். தூய காற்றிலே ஈரப்பதம் மிகுந்திருப்பினும் இரும்பு மிக மெதுவாகவே கறள் பிடிக்கும். அக்காற்றில் நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகவீரொட்சைட்டு ஒரு சிறிது கலந்து, ஈரப்பதமும் நூற்றுக்கு 60 அளவைத் தாண்டிவிட்டால் கறள் திடீரென வேகம் கொள்ளும். கொவென்றியைச் சூழ்ந்த நாட்டிலே புகைபோக்கிகளுக்குக் குறைவில்லை. கடலோர நாடுகளிலே புகையின் தொழிலை உப்புக்காற்று செய்துவிடும். வயலிலே உரம் செய்யும். அமோனியம் சல்பேற்றும் பொற்றாசு உப்பும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தகட்டின்மேல் வைத்திருப்பன.

தகட்டைக் காக்கும் வழிகள் இதற்கு நெடுங்காலம் முன்னரே அறியப்பட்டிருந்தன. 1824இல் சேர் ஹம்பிறி டேவி, கடற்படைக் கப்பல்களின் அடியிற் போர்த்திய செப்புத் தகட்டோடு நாகத்தையோ இரும்பையோ சிறிதளவு சேர்த்துவைத்தால், அச்சிறு துண்டு தான் அழிந்து செம்பைக் காக்கும் எனக் கண்டார். செம்பு காக்கப்பட்டது உண்மையே. செம்பு கரையாமையினால் அதன் நஞ்சு நீங்கி, கடற்பாசியும் சிப்பியும் கப்பலடியில் அப்பிக்கொண்டன! கடற்படை அம்முறையைக் கைவிட்டது. தத்துவம் கைவிடப்படவில்லை. 1837இல் பிரான்சு நாட்டிலே சொறெல் என்பவர் இரும்பை உருகிய நாகத்தில் தோய்க்கும் முறைக்கு உரிமை பெற்றார். கூரைத் தகரமும் வாளியும் அதன்வழி வந்தவை. உழவு இயந்திரத்தின் தகட்டுக்கோ நாகம் பூசப்படவில்லை. செலவு ஒரு காரணம். புதிய நாகப் பூச்சின்மேல் எண்ணெய் வர்ணம் நன்கு பற்றாமை மற்றொரு காரணம். விற்பனைக்கு வேண்டியிருந்தது நிறம். அந்த நிறமும் தெளிகருவியினாலே பூசப்பட்டமையால், மடிப்புக்களின் உள்ளே அது சென்றடையவில்லை. மின்னோட்டத்தின் துணையோடு வர்ணத் தொட்டியில் முழுவதையும் தோய்த்து, மடிப்பினுள்ளும் பூச்சை ஏற்றும் முறை 1960களிலேதான் மோட்டார்த் தொழிலிற் புகுந்தது. ஆகவே, பேர்கூசனின் சாம்பல் நிற இயந்திரங்கள் தொழிற்சாலை வாயிலைக் கடக்கும்போதே கறளின் வித்தைத் தம் மடிப்புக்களிற் கொண்டு சென்றன எனலாம்.

இனித் திருத்தும் கலை. கிராமத்துக் கொல்லனிடம் முதலிற் சென்ற தகடுகளுக்கு அவன் அறிந்த மருந்து ஒன்றே. பழுதின்மேல் வேறொரு தகட்டை வைத்துத் தறைந்துவிடுவான். இயந்திரம் அன்று மாலையே வயலுக்குத் திரும்பும். ஆனால் எவன்ஸின் துளியை நினைவிற்கொண்டு நோக்கினால், அவன் செய்தது பழைய கறளின்மேல் புதிய பொருத்து ஒன்றை உண்டாக்கியதே. சில ஆண்டுகளில் ஒட்டுத் தகடும் அதன் கீழுள்ளதும் சேர்ந்தே விழும். கொல்லனைக் குறைகூறுவதற்கில்லை, அறுவடைக்காலத்தில் வந்து நிற்கும் கமக்காரனுக்கு நூறாண்டு நிலைக்கும் வேலை தேவைப்படவில்லை.

1895இல் பிரெஞ்சு இரசாயனவியலார் ல சற்றலியே, அசெற்றிலீனை ஒட்சிசனோடு எரித்தால் 3,000 பாகை சதமவெப்பத்தை மிஞ்சும் சுவாலை கிடைக்கும் எனக் கண்டறிந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அச்சுவாலையைக் கையிற் பிடித்து வேலை செய்யத்தக்க கருவி வந்தது. அன்றுமுதல் கறள் தின்ற பகுதியை வெட்டியெறிந்து, அதே அளவு புதுத் தகட்டை விளிம்போடு விளிம்பாக வைத்து உருக்கி ஒட்டுதல் இயல்வதாயிற்று. ஒட்டுத் தகட்டின்கீழ் ஈரம் ஒளிந்திருக்க இடமில்லாத வழி இதுவே. ஆயினும் மெல்லிய தகடு வெப்பத்தை மன்னிப்பதில்லை. சூடேறிய இடம் விரியும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அதற்கு இடங்கொடாமையால் புடைக்கும். ஆறும்போது சுருங்கி, முன்பு நேராக இருந்த பரப்பு அலைபோல நெளியும். தேர்ந்த தொழிலாளி ஓரிடத்தில் ஒரு புள்ளி ஒட்டுவான்; பின்னர் ஒரு சாண் தள்ளி மற்றொரு புள்ளி; முதலாவது ஆறிய பின்னரே அதன் அருகே மீண்டும் வருவான். தகட்டின் பின்னே இரும்புத் தாங்கியைப் பிடித்து, முன்னே சுத்தியலால் மெல்லத் தட்டி, ஒட்டுக் கோட்டைத் தட்டையாக்குவான். சத்தத்தைக் கேட்டே தகடு தாங்கியின்மேல் அமர்ந்திருக்கிறதா இல்லையா என்பதை அறிபவர்கள் அவர்கள். 1950களிலே காபனீரொட்சைட்டு வாயுவின் காப்பில் கம்பியை உருக்கும் மின்னொட்டு முறை வந்து, வெப்பத்தைக் குறுகிய இடத்தில் அடக்கியமையால் இவ்வேலை ஓரளவு எளிதாயிற்று.

ஒட்டிய இடத்தின் பள்ளத்தை நிரப்புவதற்குப் பழைய மோட்டார்த் தொழிலாளர் கையாண்டது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு. அக்கலவை ஒரே வெப்பநிலையில் நீராகிவிடாது. ஏறக்குறைய 180 பாகையிலிருந்து 250 பாகை வரை களிபோல் இளகி நிற்கும். அந்நிலையில் அதனை, கொழுப்பிலோ தேன்மெழுகிலோ தோய்த்த மரத் தட்டையால் வழித்துப் பூசுவர். ஆறிய பின்னர் அரத்தால் அராவுவர். பற்றாசு பற்றவேண்டுமானால் தகடு பளபளக்கும் தூய உலோகமாயிருத்தல் வேண்டும். சிறிது கறள் எஞ்சினாலும் அது பற்றாமல் உருண்டோடிவிடும். பொருளின் இயல்பே தொழிலாளியை நேர்மையாக வைத்திருந்தது. 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலிருந்து பரவிய செயற்கைப் பிசின் களிம்போ எதன்மேலும் பற்றும். இரண்டு பொருள்களைக் குழைத்துத் தடவினால் சில நிமிடங்களிலே கல்லாகும். ஓட்டையின் பின்னே ஒரு வலையை வைத்து அதன்மேல் இக்களிம்பை அப்பி, தேய்த்து, வர்ணம் பூசினால் புதுத் தகட்டுக்கும் அதற்கும் வேற்றுமை தெரியாது. அது ஈரத்தை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும் இயல்புடையது என்பது இரண்டு மாரிகளின் பின்னரே தெரியவரும். திடமான தகட்டின் சிறு நெளிவை மறைக்க அது நல்ல பொருள். இல்லாத தகட்டின் இடத்தை நிரப்ப அது பொய். பழைய இயந்திரம் வாங்குவோர் காந்தத் துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் எடுத்துச் செல்வது இதனாலேயே. காந்தம் பற்றாத இடத்தில் வர்ணத்தின் கீழே உருக்கு இல்லை.

வெட்டி நீக்கவேண்டாத அளவு மேற்கறளைக் களைவது எப்படி? கம்பித் தூரிகை மேலே மினுக்குமேயன்றிக் குழிகளின் அடியை அடையாது. அமுக்கிய காற்றோடு மணலை வீசும் முறை குழியின் அடிவரை செல்லும். ஆனால் பொனற் போன்ற அகன்ற மெல்லிய தகட்டிலே அவ்வீச்சு மேற்பரப்பை அடித்து விரித்து, தகட்டையே வளைத்துவிடும். அம்மணற்றூளைச் சுவாசித்தவர்களின் நுரையீரல் கெட்டதும் உண்டு; பிரித்தானியாவில் மணல் அதற்குத் தடைசெய்யப்பட்டுப் பிற பொருள்கள் கையாளப்பட்டன. எஞ்சியது இரசாயன வழி. 1906இல் பேர்மிங்ஹாம் நகரத்துத் தோமஸ் கொஸ்லெற், பொசுபோரிக்கமிலத்திலே இரும்பரத்தூளை இட்டுக் காய்ச்சி, அதில் இரும்புப் பொருள்களைத் தோய்த்து, அவற்றின்மேல் ஒரு பொசுபேற்றுப் படலத்தை உண்டாக்கும் முறைக்கு உரிமை பெற்றார். வர்ணத்துக்கு நல்ல பிடிமானம் தருவது அப்படலம். இன்று திருத்துவோர் தகட்டின்மேற் பூசும் கறள்நீக்கித் திரவங்களிற் பல இதன் வழிவந்தவையே.

டில்லி மாநகரில் குத்தர் காலத்து இரும்புத் தூண் 1,600 ஆண்டுகளாகக் கறளுக்கு ஈடுகொடுத்து நிற்பதை அறியாதார் இல்லை. அதனை ஆராய்ந்தவர்களுள் சிறந்தவர் கான்பூர் தொழினுட்பக் கழகத்துப் பேராசிரியர் பாலசுப்பிரமணியம். பழைய கொல்லர் உருக்கிய இரும்பிலே பொசுபரசு மிகுந்திருந்தது என்றும், காலப்போக்கில் அதுவே தூணின் மேற்பரப்பில் ஒரு பொசுபேற்றுக் காப்புப் படலமாய் அமைந்தது என்றும் அவர் விளக்கினார். கொஸ்லெற் கொதிகலத்திற் செய்ததைத் தூண் தானே மெல்லச் செய்துகொண்டது. மற்றொரு வகைக் கறள்மாற்றியும் உண்டு. அதிலுள்ள தனின் என்னும் துவர்ப்பொருள் கறளோடு கூடிக் கரிய சேர்வையாகும். கடுக்காயையும் அன்னபேதியையும் கூட்டி மை செய்த நம் முன்னோர் இதே இரசாயனத்தையே எழுத்துக்குப் பயன்படுத்தினர். செங்கறள் கண்முன்னே கறுப்பாவதைக் கண்டு வியக்கும் இன்றைய தொழிலாளி, தன் பாட்டனின் மைக்கூட்டையே தகட்டில் பூசுகின்றான்.

களைந்த தகட்டின் முதற்பூச்சாக ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆட்சி செய்தது செவ்வீயம். ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த அச்செந்நிறத் தூளுக்கு நிகராகக் கறளைத் தடுத்த பூச்சு அக்காலத்தில் வேறில்லை. எண்ணெயோடு அது கூடி உண்டாகும் ஈயச் சேர்வைகள், சிறிது கறள் எஞ்சிய இரும்பையும் அமைதிப்படுத்தின. பாலங்களும் கப்பல்களும் அதனாலே காக்கப்பட்டன. காத்த பொருளே பூசியவனைக் கொன்றது. வயிற்று வலி, கை மணிக்கட்டுத் தளர்ந்து தொங்குதல், ஈறுகளிலே நீலக் கோடு: இவை வர்ணக்காரரின் நோய் என மருத்துவர் நன்கறிந்திருந்தனர். நஞ்சு பெரும்பாலும் பூசும்போது ஏறவில்லை. பழைய பூச்சை உலர்ந்த அரத்தாளால் தேய்க்கும்போது எழுந்த தூசியாலேயே ஏறிற்று. 1921இல் அனைத்துலகத் தொழில் அமைப்பு வெள்ளை ஈய வர்ணத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையை ஏற்றது. 1926இல் பிரித்தானியப் பாராளுமன்றம் வர்ணக்காரரை ஈய நஞ்சிலிருந்து காக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

அதே 1921ஆம் ஆண்டில், எவரும் விழாக் கொண்டாடாத ஒரு சிறு பொருளும் கடைக்கு வந்தது. பிலடெல்பியாவில் அச்சுமை செய்துகொண்டிருந்த பிரான்சிஸ் ஓக்கி என்பவர், நீரில் நனைந்தும் பிரியாத அரத்தாள் ஒன்றை வகுத்திருந்தார். மினசோட்டாவின் அரத்தாட் கம்பனி ஒன்று, இன்று 'திறீ எம்' என உலகறிந்தது, அதனை வாங்கி விற்றது. மோட்டார் வர்ணக்காரர் நீரூற்றித் தேய்க்கத் தொடங்கினர். தூசி எழவில்லை, பரப்பும் கண்ணாடிபோல் வந்தது. எத்தனை தொழிலாளரின் ஆயுளை அந்த ஈரத்தாள் நீட்டியது என்று எவரும் எண்ணிவைக்கவில்லை. 1950களின் சாம்பல் நிற இயந்திரத்தை இன்று சுரண்டுபவர்க்கும் இக்கதை பழங்கதையன்று. பழைய பூச்சுக்களிலே ஈயம் இருத்தல் கூடும்; உலர்த்தித் தேய்த்தால் அத்தூசி கொட்டிலிலும் அங்கு விளையாடும் பிள்ளைகளின் கைகளிலும் படியும். ஈயத்தின் இடத்துக்கு வந்த நாகக் குறோமேற்றும் புற்றுநோய்க்குக் காரணமெனப் பின்னர் அறியப்பட்டது. இரு திரவங்களைக் கலந்து தெளிக்கும் இக்கால வர்ணங்களிலுள்ள ஐசோசயனேற்று மூச்சு நோயை உண்டாக்குவது. சாதாரணத் துணி முகமூடி அதனைத் தடுக்காது. நாகப் பொசுபேற்றுக் கலந்த முதற்பூச்சுக்கள் இன்று பெரும்பாலும் செவ்வீயத்தின் தொழிலைச் செய்கின்றன. நாகத்தூள் மிகுந்த பூச்சு, டேவி கண்ட தத்துவத்தின்படி, தான் அழிந்து தகட்டைக் காக்கின்றது. ஆனால் அது கறளின்மேலன்றித் தூய உருக்கின்மேலேயே தொழிற்படும்.

இவ்வளவு பாடு எதற்கு, புதுத் தகடே வாங்கிவிடலாமே என்று கேட்பவர் உண்டு. பேர்கூசன் இயந்திரத்துக்கான மட்காட்டும் பொனற்றும் இன்று பலவிடங்களிற் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. பாதிக்குமேல் அழிந்த தகட்டுக்கு அதுவே தக்க வழி. ஒட்டி ஒட்டி எஞ்சுவது ஒட்டாகவே முடியும். எனினும் பழைய தகடு தன்மேல் சில செய்திகளைத் தாங்கியிருக்கின்றது. ஈரத்தாளால் மெல்லத் தேய்த்துச் செல்லும்போது பூச்சுக்கள் காலத்தின் எதிர்வரிசையில் வெளிப்படும். போட்சன் ஒன்றின் பச்சையின் கீழே செம்மஞ்சள் தெரிந்தால், 1937இன் பின்னர் டகன்ஹாம் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்து, பிறகு பச்சை பூசப்பட்டது அது என ஊகிக்கலாம். அத்தொழிற்சாலையே 1940ஆம் ஆண்டளவிற் பச்சைக்கு மாறியது. எதிரி விமானங்களின் கண்ணுக்கு வயலில் நிற்கும் இயந்திரம் தெரியாதிருக்கவே அம்மாற்றம் என்பர். சிவப்பின் கீழே சாம்பல் நிறம் தெரியும் சிறு பேர்கூசன்களும் உள. பேர்கூசனின் நிறுவனம் 1953இல் கனடாவின் மாசி ஹரிஸ் கம்பனியோடு இணைந்து, 1957இன் இறுதியிலிருந்து புதிய இயந்திரங்கள் சிவப்பு அணிந்து வெளிவந்தபோது, பழையதை வைத்திருந்த கமக்காரர் சிலரும் தம்முடையதற்குச் சிவப்புப் பூசிக்கொண்டனர். நாகரிகம் வயலுக்கும் வரும்.

தேர்ந்த திருத்துநர், பொனற்றின் உட்புறத்திலோ இருக்கையின் கீழோ ஒரு கையகல இடத்தைத் தேய்க்காமல், எண்ணெய் மட்டும் தடவி அப்படியே விட்டுவைப்பதுண்டு. கொவென்றியில் அன்று பூசிய சாம்பல் எவ்வகைச் சாம்பல், சிறிது நீலம் கலந்ததா, இல்லையா என்னும் வழக்கு இயந்திரம் பேணுவோரிடையே இன்னும் தீரவில்லை. வெயில் படாத அத்தகைய ஓர் இடமே அதற்குச் சான்று. பானர் லேன் தொழிற்சாலை 2000களின் தொடக்கத்தில் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது; அந்நிலத்தில் வீடுகள் எழுந்துள்ளன.